நீங்க இதைச் சாப்பிடுவீங்களா, டாக்டரம்மா?

டாக்டர் ஜுலைகா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் திருவாரூர் பஸ் நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கும் பாய். "டீச்சர், உங்க டாக்டரம்மா மவுத்தாயிட்டாங்க. காலையில பத்து மணிக்கே மையத்து எடுத்தாச்சு" என்றார். நான் நம்பவில்லை. எந்த டாக்டரம்மா, யார் சொன்னது, சொன்னவருக்கு எப்படித் தெரியும் என்று வரிசையாகக் கேட்டேன். என்ன நோய் என்றும் கேட்டேன். "உடம்பு முடியலன்னாங்க. அவ்வளவுதான் வெளியில சொன்னாங்க" என்றவர், சலித்துப்போய், "ஏன் டீச்சர், மவுத்துலயுமா சந்தேகம்?" என்றார். அவர் தராசைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நோயின் பெயரைச் சொல்லாமல் மறைத்தது மட்டும் மனதில் முள்ளாக நின்றது.

டாக்டரம்மாவை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுவீர்கள். அந்தப் பொறுமையை அதிகம் சோதித்தவள் நான்தான் என்பதால் எழுதும் உரிமை எனக்கு உண்டு. நான் பாலவாடி டீச்சராக இருந்தவள். எங்கள் ஊரில் எனக்குச் சந்தேகக்காரி என்று பெயர். வெற்றுக் காகிதத்தில் என் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? சத்து ஊசி போடுகிறோம் என்று எங்கள் தெருப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், குடும்பக் கட்டுப்பாடு செய்து திருப்பி அனுப்பிய காலத்தையும் பார்த்தேன். மேடையில் ஆட்சிகள் மாறி மாறி நிலம் உழுபவனுக்கே என்றன. வயலில் அறுப்புக்குப் போலீஸ் காவல் நின்றது.

கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த சண்டைகளின் முடிவில், உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்திலிருந்து என் கணவர் தங்கராசுவுக்கு மூன்று மா கிடைத்தது. ஒரு ஏக்கர் என்றால் உங்களுக்குப் புரியும். சங்கக் கொடி பிடித்ததற்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர், சொந்த நிலத்தில் இரண்டே போகம் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பட்டாவை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள இரண்டு வருஷம் அலைந்தேன். கடைசியில், வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீசில் நிலக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது.

அந்தச் சமயத்தில்தான் என் உடம்பு எனக்கு அடங்காமல் போனது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறும். ரவிக்கை நனைந்து போகும். அடுத்த நிமிஷம் குளிரும். தூக்கம் இல்லை, மூட்டெல்லாம் வலி, காரணமில்லாமல் அழுகை. சோறு சிந்திய குழந்தையை அடித்துவிட்டு நானும் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஒருநாள் தெருக் குழாயடியில் என் ஓரகத்தி செல்லம்மா, அதாவது கொழுந்தன் கோவிந்தனின் மனைவி, "என்னக்கா, மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

"நாலு மாசமா முழுகலடி. ஒடம்பெல்லாம் காந்துது."

எங்கள் பக்கத்தில் மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்வதை முழுக்கு என்போம். நான் சொன்னது அதைத்தான். ஆனால் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்றுதான் ஊரில் அர்த்தம். எல்லோரையும் எடை போட்டுப் பேசுகிற நான் அந்த ஒரு சொல்லை எடை போடாமல் விட்டேன். குடம் நிறைவதற்குள் அந்தச் சொல் தெருவைத் தாண்டிவிட்டது. புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆனவள் முழுகாமல் இருக்கிறாள், கெட்டுப்போனவளுக்கு எங்கள் அண்ணன் நிலம் எதற்கு என்று கோவிந்தன் தாசில்தாருக்கு மனு எழுதிவிட்டான். ஜமாபந்திக்குப் பதினைந்து நாள் இருந்தது.

டாக்டரம்மா எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தார். தரங்கம்பாடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். மாலையில் திருவாரூரில் சொந்த கிளினிக். ஊர்க்காரர்கள் பார்க்கக்கூடாது என்று நான் கிளினிக்குக்குப் போனேன். என் வயதுதான் அவருக்கும். படுக்கவைத்துப் பார்த்தார், சிறுநீரைப் பரிசோதித்தார், ஒன்று விடாமல் விசாரித்தார். "கர்ப்பம் இல்ல டீச்சர். மாதவிடாய் நிக்கிற வயசு. சினைப்பை ஓய்வெடுக்க ஆரம்பிக்குது, சுரக்கிற ஹார்மோன் குறையுது. அதான் இந்தச் சூடு, வேர்வை, தூக்கமில்லாமை எல்லாம். நோய் இல்ல. ஒரு வருஷம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

"அதை அப்படியே ஒரு சர்ட்டிபிகேட்டா எழுதிக் குடுங்க" என்றேன்.

"மாட்டேன்" என்றார்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்க வயித்துல என்ன இருக்கு, என்ன இல்லன்னு தாசில்தாருக்கு எதுக்கு டீச்சர்? இன்னிக்கு உங்களுக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு நிலம் வச்சிருக்கிற ஒவ்வொரு விதவையும் கையில காகிதத்தோடதான் நடக்கணும்." இன்று நினைத்தால் அந்த வார்த்தையின் பெருமை தெரிகிறது. அன்று எனக்கு வேறொன்று தெரிந்தது. நான் உள்ளே வரும்போது மிராசுதார் வீட்டு அம்பாசடர் கார் கிளினிக் வாசலில் நின்றது. எங்கள் மூன்று மா முன்பு அவர்களுடையது. டாக்டரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா? கேட்டும் விட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டு சிரித்தார். "அந்தக் கார்ல யாரு வந்தாங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க வந்துட்டுப் போனதையும் அந்தக் கார்க்காரங்ககிட்ட சொல்ல மாட்டேன்." இதைக் கேட்டு வீட்டுக்கு வந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்த வாரம் தடுப்பூசி நாள். எப்போதும் நர்ஸ் மட்டும்தான் எங்கள் பாலவாடிக்கு வருவார். அன்று ஜீப்பில் டாக்டரம்மாவும் வந்து இறங்கினார். என்னைக் கவிழ்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு ஊசி முடிந்ததும், "நாப்பது தாண்டினவங்க மட்டும் இப்படி வந்து உக்காருங்க" என்றார். இருபது பெண்கள் உட்கார்ந்தார்கள். "திடீர்னு உடம்பு காந்தி, வேர்த்து ஊத்தி, அப்புறம் சில்லுன்னு ஆகுதா யாருக்காவது?" என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

முதலில் பேசியவர் நடவுக்குப் போகும் நாகம்மா அக்கா. "எனக்கு ரெண்டு வருசமா அப்படித்தான் தாயி. வயல்ல நிக்கையிலயே தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சுக்குவேன். பித்தம்னு நெனச்சேன்." அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தது. ஒருத்திக்குத் தூக்கம் இல்லை, ஒருத்திக்கு எரிச்சல். ஒருத்தி, புருஷன் பக்கத்தில் வந்தாலே வலி உயிர் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். இதையெல்லாம் அதுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு மூலையிலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது.

"எனக்கும் மூணு மாசமா முழுக்கு இல்லீங்க."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களும் முழுகாமதான் இருக்கீங்களா?"

நாகம்மா அக்கா தொடையில் தட்டிக்கொண்டு, "அடி ஆத்தி! அப்ப இந்தத் தெருவே புள்ளத்தாச்சிதான்!" என்றார். பாலவாடி ஓடு பெயர்ந்து விழாதது ஆச்சரியம். செல்லம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அழுதேன். "சிரிச்சது போதும்" என்றார் டாக்டரம்மா. "நாள் தள்ளிப்போனா ரெண்டுல எதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஊரும் முடிவு பண்ண வேணாம். என்கிட்ட வந்து பாருங்க."

அன்று வீட்டில் செல்லம்மா என்ன பேசினாளோ, ஜமாபந்திக்குக் கோவிந்தன் வரவில்லை. மனுவைத் தள்ளிவிட்டு மூன்று மா நிலத்தையும் என் பெயருக்கு எழுதினார்கள். நன்றி சொல்லப் போன இடத்திலும் எனக்கு ஒரு சந்தேகம். செல்லம்மா முன்பே இவரிடம் வந்துபோயிருப்பாளோ, தெரிந்துதான் அன்று ஊருக்கு வந்தாரோ? கேட்டேன். "அதுவும் அந்தக் கார் மாதிரிதான் டீச்சர்" என்றார்.

சூடு மட்டும் குறையவில்லை. பகலில் மூன்று நான்கு முறை வந்து என்னை உலுக்கியது. எனக்கு அது வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்ததால், மாத்திரை தரலாம் என்றார் டாக்டரம்மா. எல்லோருக்கும் இது வேண்டாம், முக்கால்வாசிப் பேர் தாங்கிக் கடந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பைச் சோதித்தார், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு எழுதிக்கொண்டார். குறைந்துபோன ஹார்மோனைக் கொஞ்சமாக வெளியிலிருந்து கொடுப்பதுதான் வைத்தியம் என்று விளக்கி, இரண்டு விதமாக எழுதினார். ஒன்று சூட்டுக்கு. மற்றது மாதத்தில் சில நாள் மட்டும். "முதல் மாத்திரையைத் தனியா சாப்பிட்டா கர்ப்பப்பையோட உள்சவ்வு தடிச்சுப் போகும். ரெண்டாவது அதுக்குக் காவல். காலத்துக்கும் சாப்பிட வேணாம், கொஞ்ச நாள் பாத்துட்டு நிறுத்திடலாம்" என்றார்.

நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தேன்.

"நீங்க இதைச் சாப்பிடுவீங்களா, டாக்டரம்மா?"

"மாட்டேன்."

அப்போதும் அவர் கையில் அந்த ஃபைல் அட்டை விசிறிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. "எங்க உம்மா மார்புப் புத்துநோய்ல போனாங்க. அப்படிப்பட்ட குடும்பத்துல எனக்கு இது ஆபத்து. உங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல, அதனால உங்களுக்குத் தரேன்" என்றார். தான் சாப்பிடாததை எனக்குக் கொடுக்கிறார், கேட்டால் செத்துப்போன தாயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் என்றுதான் என் புத்தி போனது.

அந்த இரண்டாவது மாத்திரை அட்டை, அரசாங்கத்தில் பிள்ளை வேண்டாதவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை அட்டையைப் போலவே இருந்தது. வேனில் ஏற்றிப்போன பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது. முதல் மாத்திரை சுகமாக இருந்ததால் அதை விழுங்கினேன். இரண்டாவதை வாய்க்காலில் போட்டேன். எட்டு மாதம் இப்படி நடந்தது. சூடு அடங்கியது, தூக்கம் வந்தது, பிள்ளைகளை அடிப்பதை விட்டேன். ஒன்பதாவது மாதம் திடீரென்று ரத்தம் கொட்டியது.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அன்றுதான் அவர் முகம் வெளுத்துப் பார்த்தேன். மாத்திரையை உடனே நிறுத்தினார். தஞ்சாவூருக்கு அவரே கூட வந்தார். கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை பத்து நாள் எனக்கு உயிர் இல்லை. கெடுதலாக ஒன்றுமில்லை என்று வந்ததும் அவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பேசினார். "நீங்க சந்தேகப்பட்டது தப்பில்ல. உங்க ஊருக்கு நடந்ததைப் பாத்தா எனக்கே சந்தேகம் வரும். என்கிட்ட கேக்காம வாய்க்கால்ல போட்டீங்க பாருங்க, அதான் தப்பு. சந்தேகத்தை மனசுல வச்சுக்காதீங்க டீச்சர், மேசை மேல வைங்க."

அதன் பிறகு பதினைந்து வருஷம் வைத்தேன். ரத்த அழுத்த மாத்திரையா, கண் சொட்டு மருந்தா, எதுவானாலும் அவர் மேசையில் கொண்டுபோய் வைப்பேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "உம்மாவுக்கு என்னம்மா?"

"மார்புல. உம்மம்மாவுக்கு வந்த அதே நோய். கட்டி இருக்குன்னு ரெண்டு வருஷமா உம்மாவுக்குத் தெரியும், வைத்தியமும் பாத்தாங்க. நோயாளிங்க பயந்துடுவாங்க, வெளியில சொல்லாதேன்னுட்டாங்க."

வெட்கமாக இருந்தது. அழுகை வருவதற்கு முன் வெட்கம்தான் வந்தது.

இன்று அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். எந்த மருத்துவர் எதை எழுதினாலும், நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்கிறேன். பலர் எரிந்து விழுகிறார்கள், சிலர் சாப்பிடுவேன் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்தக் காரணத்தை நான் பதினைந்து வருஷமும் பாதிதான் நம்பியிருந்தேன். அவரிடம் எத்தனையோ சந்தேகங்களை வைத்த நான், இந்த ஒன்றை மட்டும் அவர் மேசை மேல் வைக்கவே இல்லை.