ப்ளூடூத் கடையின் டெஸ்ட் கால்

காதில் மாட்டுகிற பொருளை விற்பவருக்கு முதலில் வேண்டியது வாய். அது இல்லாமலே இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தவள் நான். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோக்கள் திரும்புகிற முனையில் எங்கள் செல்போன் கடை. பிஎஸ்சி இயற்பியல் படித்த பெண் என்று என்னை ப்ளூடூத் கவுண்டரில் நிறுத்தினார்கள். அலைநீளம் பற்றிக் கேட்டால் எழுதியே காட்டுவேன். "எது நல்லாருக்கும்?" என்று கேட்டால் வியர்த்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் இப்படி வாருங்கள், நாம் ஒரே கட்சி.

எந்த பேட்டரி?

முதல் வாரம். ஒரு கல்லூரிப் பையன் மூன்று பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "அக்கா, இதுல எதுக்கா நல்லாருக்கும்?" என்றான். நடுவில் இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். "ஏன்க்கா?" என்றான். மறுபடியும் அதையே தொட்டுக் காட்டினேன். என் விரலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாரேன்க்கா" என்று போனவன், எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே திரும்பிப் போனான்.

முதலாளி முருகேசண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசி வரை பொறுப்பாராம். தேறாவிட்டால் வாடிப்பட்டியில் இருக்கிற அவருடைய குடோனுக்கு அனுப்பிவிடுவாராம். அங்கே பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். நம் கட்சிக்காரர்களுக்கு அது சொர்க்கம்தான். ஆனால் எனக்கு இந்தக் கவுண்டர் பிடித்துப்போயிருந்தது! முதல்முறை ப்ளூடூத்தைக் காதில் வைத்ததும் ஒவ்வொருவர் கண்ணும் கூரையைப் பார்க்கும், உதடு தானாகப் பிரியும், கால் தாளம் போடும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேறு எந்த வேலையில் முடியும்? இதையும் நான் முதலாளியிடம் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "பேட்டரி போட்டா பொம்மைகூட நாலு வார்த்தை பேசுது பாப்பா. உனக்கு எந்த பேட்டரி சேரும்னு சொல்லு, வாங்கிப் போட்டுருவோம்."

சாம்பார் சமாதானம்

கடையில் எல்லோரும் காதில் வைத்துப் பார்க்கிற டெமோ பீஸுக்கு ஒரு பழக்கம் உண்டு: கடைசியாகச் சேர்ந்த போனை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஒரு டீச்சர் அதைத் தன் போனில் இணைத்துக் கேட்டுவிட்டு, சார்ஜர் பார்க்க நகர்ந்தார். அடுத்து வந்த ஷேர் ஆட்டோ அண்ணன் அதே பீஸை எடுத்துக் காதில் மாட்டினார். அவருடைய போனை நான் இணைப்பதற்குள் டீச்சரின் போன் முந்திக்கொண்டது. அந்த நேரம் பார்த்து டீச்சர், வீட்டுக்காரர் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைத் தட்டிவிட்டு, "சத்தமே வரலியே" என்று போனை உலுக்கிக்கொண்டிருந்தார்.

சத்தமெல்லாம் ஆட்டோ அண்ணன் காதில். எனக்கு இரண்டு முகமும் தெரிந்தது, விஷயமும் புரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. பாட்டு வரும் என்று தலையாட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "தங்கச்சி, செட்டு அருமை. ஆனா உள்ள ஒரு ஆளு, காலையில வச்ச சாம்பாரு நல்லாத்தான் இருந்துச்சு, கோவிச்சுக்காதன்னு என்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்காரு."

பைக் மேல் ஆடு

எங்கள் கடையில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் கால் உண்டு. வாங்குகிறவர் ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு உள்ளே நிற்பார். நாங்கள் தெருவுக்குப் போய் அவருக்குப் போன் போடுவோம். வண்டிச் சத்தத்துக்கு நடுவே நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறதா, அவர் மைக்கில் பேசுவது எங்களுக்குக் கேட்கிறதா என்று பார்க்கத்தான். அதை எப்போதும் என்னோடு வேலை பார்க்கிற ஸ்டெல்லா அக்கா செய்வார். அன்று அக்கா லீவு. லேத் பட்டறைக்காரர் ஒருவர் ப்ளூடூத்தோடு காத்திருந்தார். நான் வாசலுக்குப் போனேன்.

"ஹலோ" என்றேன். "கேக்குது, பேசும்மா" என்றார். என்ன பேச? கண்ணில் பட்டதைச் சொன்னேன். "எதிர டீக்கடையில ஒரு பைக் நிக்குதுண்ணே. சீட்டு மேல ஒரு ஆடு ஏறி நிக்குது. வண்டிக்காரர் வடைய வச்சுக்கிட்டு இறங்கு இறங்குங்கிறார். அது வடையத் தின்னுட்டு மறுபடி நிமிந்து நிக்குது. இப்ப அடுத்த வடைக்குப் போயிருக்கார்." சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியம். இது யார் குரல்? முகம் எதிரே இல்லை என்றதும் வார்த்தைகள் அணை திறந்த மாதிரி வருகின்றன! போதும் என்று போனை வைத்துவிட்டு உள்ளே ஓடி, "மைக் தெளிவா இருக்குண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் ப்ளூடூத்தைக் கழற்றவே இல்லை. "மைக் கெடக்கட்டும்மா. அந்த ஆடு எறங்குச்சா இல்லியா?"

மேல் பட்டன்

அதற்கப்புறம் டெஸ்ட் கால் எல்லாம் எனக்கே வந்தது. ஆனால் முதலாளிக்கு, நான் கவுண்டரை விட்டுவிட்டுத் தெருவில் நிற்பதுதான் கண்ணில் பட்டது. மாதக் கடைசி நாள், முதலாளி வாடிப்பட்டிக்குச் சொல்லிவிட்டார் என்று ஸ்டெல்லா அக்கா என் காதில் போட்டார். அந்த நேரத்தில் மாவு மில் நடத்துகிற தனலட்சுமி அக்கா வந்தார். "மில்லு ஓடுற சத்தத்துல, கோயம்புத்தூர்ல படிக்கிற எம் மக பேசுறது ஒண்ணும் வெளங்கல. கை ரெண்டும் வேற மாவா இருக்கு" என்றார். ஜோடியில் ஒன்றை அவர் காதில் மாட்டிவிட்டு, மற்றதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

தெருவில் இருந்ததையெல்லாம் சொல்லி முடித்தும், "இன்னும் பேசு, இன்னும் பேசு" என்றார். கண்ணாடிக் கதவு வழியே கடைக்குள் பார்த்தேன். "உங்களுக்கு ரெண்டடி தள்ளி எங்க முதலாளி நிக்கிறார்க்கா. சட்டைப் பட்டன ஒண்ணு மாத்திப் போட்டிருக்கார். காலர் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். காலையிலருந்து எல்லாரும் பாத்தாச்சு, சொல்லத்தான் ஆளில்ல. நல்ல மனுஷன்க்கா. நாளைக்கு என்னைய வாடிப்பட்டிக்கு அனுப்பப் போறார். போறதுக்குள்ள இத மட்டுமாவது சொல்லிறணும்."

உள்ளே தனலட்சுமி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் முதலாளியின் கை மெதுவாக நெஞ்சுக்குப் போய், பட்டன்களைத் தடவிப் பார்த்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஜோடியில் மற்றது பெட்டியில் இல்லை. 'நீங்களும் கேளுங்க' என்று அந்த அக்கா கொடுத்திருக்க வேண்டும், அது முதலாளியின் காதில் இருந்தது! மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பட்டனைக் கழற்றி மாட்டிக்கொண்டு அவர் கதவைத் தள்ளினார். போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எதிரே வந்து நின்று அவர் பேசியது எனக்கு இரண்டு காதிலும் கேட்டது: "மொகத்தப் பாத்துச் சொல்ல வரலைன்னா, ஒரு போன் போட்டாவது காலையிலயே சொல்லியிருக்கலாம்ல பாப்பா! வாடிப்பட்டிக்கு வேற ஆளு பாத்துக்கிறேன், நீ இந்த வாசல விட்டு எங்கிட்டும் நகரக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் கடை திறந்ததும் முதல் டெஸ்ட் கால் முதலாளியின் சட்டைக்குத்தான். ஆனால் நேரில் நின்று "குட்மார்னிங்ணே" சொல்ல மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.