பைக் நின்றுபோக வேண்டும் என்று ஜெபித்தேன்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிற சகோதரிகளில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து இதற்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தவர்கள். எதற்காக ஜெபித்தோம் என்று உங்களுக்கே தெரியாது. அந்தத் தப்பும் என்னுடையதுதான்.

அது 1998. லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. கல்யாணமாகி மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் சாமுவேல், காசநோய்க்காரர்களுக்கு மருந்து கொடுக்கும் ஊழியத்தில் இருந்தார். கனகபுரா தாண்டிப் போய், தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர் காட்டுக்குள் நான்கு சின்ன ஊர்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, நோயாளி அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். இன்று இரண்டு ஊர், நாளை இரண்டு ஊர். ஞாயிறு தவிர தினமும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்.

அங்கே பஸ் கிடையாது. மழை பெய்தால் ஜீப்பே புதைந்துவிடும். ஊர் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் விட்டுச் சென்ற ட்ரெயில் பைக்தான் அவருக்குக் கதி. காட்டுப் பாதைக்கென்றே செய்த வண்டி. குதிரை உயரம், டயரில் கட்டை கட்டையாக ரப்பர், உட்கார்ந்தால் தொடையைச் சுடும் சைலன்சர்.

"இது இல்லேன்னா எனக்குக் காலே இல்ல எஸ்தர்" என்பார்.

"இருக்குற காலையும் இது ஒடச்சிடும், பாத்துக்கிட்டே இருங்க" என்பேன்.

அந்த வருஷ ஆரம்பத்திலேயே இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை காறை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே போய்க் கிக்கரை உதைக்கிறார் மனுஷன்! சாயங்காலமானால் தெருமுனைவரை நடந்து நடந்து பார்ப்பேன். வேலையை விடுங்கள் என்று அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் ஆண்டவரிடம் போனேன்.

"ஆண்டவரே, அந்தச் சனியன் பிடிச்ச பைக் நின்னு போகணும். அப்புறம் ஓடவே கூடாது."

இதுதான் என் ஜெபம். சனியன் என்ற வார்த்தையோடுதான் ஜெபித்தேன், மறைத்து என்ன பயன்.

வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டு எழுதிப் போடுவோம் அல்லவா? விஷயத்தை வெளியே சொல்ல விரும்பாதவர்கள் 'சொல்லாத விண்ணப்பம்' என்று எழுதுவதும் நம் வழக்கம். நான் அப்படித்தான் எழுதினேன். 'சொல்லாத விண்ணப்பம். என் வீட்டில் ஒரு தடை நீங்க வேண்டும்.' அந்தச் சீட்டுகளுக்கு நடுவே என் வீட்டுக்காரர் என்னிடமே கொடுத்தனுப்பிய சீட்டும் இருந்தது. 'ஊழியத்துக்கான பைக் பழுதில்லாமல் ஓட வேண்டும். சாமுவேல்.' நீங்கள் இரண்டுக்கும் ஜெபித்தீர்கள். இரண்டுக்கும் நானே ஆமென் சொன்னேன்.

மூன்றாவது வாரம் பைக் நிற்க ஆரம்பித்தது.

முதல் நாள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அது வீட்டு வாசலில் நிற்கவில்லை, நடுக்காட்டில் நின்றது. அவர் மணிக்கணக்காகத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்பு இருட்டும்போது வந்தவர் இப்போது நான் சோற்றை இரண்டாம் முறை சூடாக்கிய பிறகு வந்தார். ஐயோ, இதுவா நான் கேட்டது? ஜெபத்தைத் திருத்தினேன். "ஆண்டவரே, நிக்கட்டும். ஆனா காட்டுல வேணாம், லிங்கராஜபுரத்துலயே நிக்கட்டும்." கேட்கப்படவில்லை. லிங்கராஜபுரத்தில் சிங்கம் மாதிரி கிளம்பும். காட்டுக்குள் போனதும் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடும். சிவாஜி நகர் மெக்கானிக் மஸ்தான் பாய் இஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்ல சாப்" என்று கையை விரித்தார். கர்த்தர் யார் ஜெபத்தைத்தான் கேட்கிறார்?

இப்படியே ஐந்து மாதம் ஓடியது.

ஆகஸ்டில் ஒரு நாள் அவர், "நாளைக்கு நீயும் வா" என்றார். மாதம்மாவின் ஆறு மாத மருந்து முடிகிற நாள். இரத்தம் கக்கிக்கொண்டு எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண் அவள். இப்போது தேறிவிட்டாள். விருந்து வைத்து, எஸ்தர் அக்கா முன்னால்தான் கடைசிப் பொட்டலத்தை விழுங்குவேன் என்றாளாம். நானும் ஒரு திட்டத்தோடு போனேன். திரும்பி வரும்போது, இந்த பைக்கா நானா, ஒன்றை முடிவு செய்யுங்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

பதினான்கு கிலோமீட்டரும் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி போனேன். மாதம்மா ஓடி வந்து கன்னடத்தில் என்னென்னவோ சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கீரை பிடிக்கும் என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். பறித்து வருகிறேன் என்று வீட்டின் பின்பக்கம் போனாள். சிறிது நேரத்தில் "ஹாவு! ஹாவு!" என்று அலறல். பாம்பு. கணுக்காலில் கடித்துவிட்டது. கால் கண் முன்னால் வீங்கியது.

"தாலூகா ஆஸ்பத்திரியிலதான் ஊசி இருக்கு. ஏறு, நடுவுல அவள உக்கார வெச்சிப் பின்னாடி நீ புடிச்சிக்கோ" என்று அவர் கிக்கரை உதைத்தார்.

பைக் கிளம்பவில்லை.

உதைத்தார், உதைத்தார். சட்டை நனைந்துவிட்டது. ஊரே சுற்றி நிற்கிறது. எனக்குக் கீரை பறிக்கப் போனவள், என் ஜெபத்தால் நின்ற பைக். என்னால் அடக்க முடியவில்லை.

"என்னங்க, நான்தாங்க. நின்னு போகணும்னு நான்தான் ஜெபம் பண்ணேன். அஞ்சு மாசமா."

அவர் காலைக் கிக்கரிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சரி. இப்ப மாத்திச் சொல்லு" என்றார்.

"ஆண்டவரே, நான் சொன்னத விட்டுடுங்க. இவர் சொன்னதக் கேளுங்க" என்று கத்தினேன். அவர் உதைத்தார். அப்போதும் கிளம்பவில்லை! உண்மையைச் சொல்கிறேன். பிறகு ஊர் ஆட்கள் எங்கள் மூவரையும் வண்டியோடு சரிவில் தள்ளிவிட்டார்கள். குலுங்கிக் குலுங்கி அடிவாரம் போய்ச் சேருமுன் பட்டென்று இஞ்சின் பிடித்தது.

அதன் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. மாதம்மா என் தோளில் தலையைச் சாய்த்து, "பிட பேடி அக்கா" என்று முனகிக்கொண்டே வந்தாள், விட்டுவிடாதீர்கள் என்று. நான் விடவில்லை. சைலன்சர் என் காலைச் சுட்டது ஆஸ்பத்திரியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஊசி போட்டார்கள். மறுநாள் காலை, பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும் வழியில் டீக்கடையில் அவர் கேட்டார்.

"அஞ்சு மாசமாவா எஸ்தர்? நான் இதுக்காக வியாழக்கிழம தோறும் உபவாசம் இருந்தேனே."

"தெரியும். அந்தச் சோத்தையும் நான்தான் சாப்பிட்டேன்."

டீ மேலே சிந்தும்படி சிரித்தார்.

அந்த வாரமே மஸ்தான் பாய் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு. மேடு பள்ளத்தில் துரு கிளம்பிக் குழாயை அடைக்கும், பிறகு தானாக விலகும். "சரிவுல குலுங்கினீங்கள்ல, அடைப்பு விட்டுருக்கும்மா" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அப்படியானால் பைக் நின்றதற்கு என் ஜெபம் காரணமில்லை! ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் நிம்மதி போய்விட்டது. நின்றதற்குத் துரு காரணம் என்றால், ஓடியதற்கும் துரு விலகியதுதானே காரணம்? கர்த்தர் ஓட வைத்தார் என்று சாட்சி சொன்னால், நிறுத்தியதும் என் ஜெபம்தான் என்று ஆகிறது. எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா? பாஸ்டரைக் கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வருஷங்கள் ஆகியும் அந்தக் குழப்பம் தீரவில்லை. தெரிந்தது இவ்வளவுதான். நான் கேட்டபடி அந்த பைக் அன்றே செத்திருந்தால் மாதம்மாவும் செத்திருப்பாள். என் முட்டாள் ஜெபத்தையும் கேட்டுக்கொண்டு, என்னைக் கைவிடாமல் வைத்திருந்தாரே, அந்தக் கிருபைக்கு நான் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதம்மா கடைசிப் பொட்டலத்தை என் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் பின்சீட்டில் நானும் போகிறேன், பெண்களுக்கு நானே மருந்து கொடுக்கிறேன். கண்ணை மட்டும் இன்னும் மூடிக்கொள்கிறேன்.

சகோதரிகளே, பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே அவரிடம் சொல்லுங்கள். தப்பாகக் கேட்டாலும் அவர் தள்ளிவிட மாட்டார், தைரியமாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் எழுதிப் போட்ட சீட்டு உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 'பைக் ஓட வேண்டும். அவர் விழக்கூடாது. எனக்கு இரண்டும் வேண்டும்.' கீழே என் பெயரையும் எழுதினேன்.