வெள்ளை விமானத்தில் போன சபுரா அக்கா

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டிருந்தபோது அன்வரிடமிருந்து போன் வந்தது. அன்வர், சபுரா அக்காவின் மகன். அம்மாவை உம்ரா யாத்திரைக்கு அழைத்துக்கொண்டு மக்கா போயிருந்தார். வழக்கம்போல் நலம் விசாரிக்கவில்லை. "கெஜாக்கா, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றார். உம்ராவை நல்லபடியாக முடித்து, அறைக்கு வந்து படுத்தவர் நெஞ்சு அடைக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அடக்கமும் அங்கேதான் என்றார் அன்வர். நான் ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். முதலில் அழுகை வரவில்லை. அந்த டிக்கெட்டைப் போட்டவள் நான்தான் என்ற நினைப்புதான் வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழங்காநத்தத்தில், ஒரு செல்போன் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் டிராவல்ஸ். கணவர் இறந்தபின் மகனைப் படிக்கவைப்பதற்காக அங்கே வேலைக்கு வந்தவர் சபுரா அக்கா. பழைய மதுரைக்காரர். நான் பிறகு சேர்ந்தவள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் என் அம்மாவோடு போனில் சௌராஷ்டிரத்தில் பேசினால், ஒரு வார்த்தைகூடப் புரியாமலே, "என்ன, மறுபடி மாப்பிள்ளை பார்த்திருக்காகளாக்கும்" என்று சரியாகச் சொல்வார்.

அடக்கமானவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நிறங்களைப் பற்றி அவருக்குக் கறாரான கருத்துகள் இருந்தன. அவற்றை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. நான் எடுத்துவந்த சேலைகளில் பாதியை அவர் சொல்லித்தான் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியிருக்கிறேன். விமானங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். விமானக் கம்பெனிகள் ஆண்டுதோறும் அனுப்பும் காலண்டர்கள் எங்கள் சுவர் முழுக்கத் தொங்கும். அவற்றைப் பார்த்து, இது துக்க வீட்டுக்குப் போவது மாதிரி இருக்கிறது, இது மிட்டாய்க் கடை, இதில் வாலுக்கும் உடம்புக்கும் ஒட்டவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சந்தைக்கு டவுன் பஸ்ஸில் போனதைத் தவிர வேறு பயணம் அறியாதவர். கையிலிருந்த மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தான் வரவில்லை என்று மகனிடம் நாங்களே சொல்லிவிட வேண்டும் என்று கெஞ்சினார். நான் பாதுகாப்பைப் பற்றியெல்லாம் விளக்கிப் பார்த்தேன். அவர் மனதில் ஒன்றும் ஏறவில்லை. சபுரா அக்கா எழுந்துபோய் மூன்று காலண்டர்களைக் கழற்றிவந்து அவர்முன் விரித்தார். போகிறதும் போகாததும் அப்புறம், இதில் எது பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, வாலில் சிவப்புப் பூக்கள் வரைந்திருந்த விமானத்தின்மேல் விரலை வைத்தார்.

ஊருக்குத் திரும்பியபின் ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு அவர் எங்களைப் பார்க்க வந்தார். "ஏணியில கால வைக்கவும் ஒடம்பெல்லாம் நடுங்கிருச்சு தாயி. அண்ணாந்து அந்தப் பூவப் பார்த்தேன். அட, இது நாம எடுத்ததுதானேன்னு ஏறிட்டேன்" என்றார். சேலை எடுத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் வாதம் தொடங்கியது. விமானம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் ரசனை, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ரசனை என்றால் ஆளுக்கு ஆள் மாற வேண்டுமே, வருகிறவர்கள் எல்லோரும் ஏன் ஒன்றையே காட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதுபோலத்தான் பலரும் காட்டினார்கள். கருநீல வாலில் ஒரு வெள்ளைப் பூங்கொடி சுற்றி ஏறுவதுபோல வரைந்த விமானம் அவருக்கு மிகவும் பிடித்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் தொட்டார்கள்.

ஒரு நாள் அலங்காநல்லூரிலிருந்து வந்த ஒருவர், துபாய் போகிறவர், மொட்டை வெள்ளையாக இருந்த விமானத்தைக் காட்டினார். கழுவிவிட்ட காளை மாதிரி இதுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் சாயம் பூசிய மாடு என்றார். நான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னோடு டீ குடிக்கக்கூட வரவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்ததும், பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்:

"புடிக்கிறதும் புடிக்காததும் ரசனைதான், ஒத்துக்கிறேன். ஆனா கெஜா, வரப்போறவுகள நெனச்சு எவனோ ஒருத்தன் மெனக்கெட்டிருக்கான்னு பார்த்ததும் தெரியுதுல்ல? அது ரசனை இல்ல."

 அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேருக்கு டிக்கெட் போட்ட அவர் ஒருமுறையும் விமானத்தில் ஏறியதில்லை என்பதைச் சொல்லிக் கேலி செய்தேன். சிரித்துக்கொண்டார்.

இந்த ஆண்டு அன்வருக்கு நல்ல வேலை அமைந்தது. அம்மாவை உம்ராவுக்கு அழைத்துப்போக முடிவு செய்தார். அக்கா அன்று என் எதிரில், வழக்கமாக வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கொடி போட்ட விமானத்தில் போடச் சொன்னார். அது வழியில் ஓரூரில் இறக்கிவிடும். அங்கே பாதி நாள் காத்திருந்து வேறு விமானம் மாற வேண்டும். ஒரு குழுவோடு நேராகப் போகிற விமானம் ஒன்று இருந்தது. வெள்ளை உடம்பு, வாலில் ஒரு கோடுகூடக் கிடையாது. அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் நேர் விமானம்தான் சரி என்றேன். அவர் கொடி விமானத்தையே மறுபடி சொன்னார். "பெயிண்டாக்கா பறக்குது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நீ சொன்னா சரித்தான்" என்றார். நான் டிக்கெட்டைப் போட்டேன்.

முழங்கால் வலி உண்மைதான். ஆனால் நான் அந்த முழங்காலுக்காக மட்டும் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

புறப்பட்ட அன்று விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். விமானம் கண்ணாடி வழியாகத் தெரிகிறது என்றும், வெள்ளைதான் என்றும், துவைத்துப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது, பரவாயில்லை என்றும் சொன்னார். "சரி கெஜா, போயிட்டு வாரேன்." அவர் குரலைக் கேட்டது அதுதான் கடைசி.

அன்வர் தனியாகத் திரும்பிவந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டிக்கெட் விஷயத்தை அவரிடம் சொன்னேன். எந்த வண்டியில் போனாலும் வருவது வந்தே தீரும், அம்மாவுக்குக் கிடைத்த இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அம்மாவைப் பற்றிப் பேச ஆசைப்பட்டவராய்ப் பயணத்தைப் பற்றியும் சொன்னார். விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அம்மா கண்ணைத் திறக்கவே இல்லையாம். அன்வரின் கையைப் பிடித்த பிடியை விடவும் இல்லையாம்.

"அம்மாவுக்குப் பறக்குறதுன்னா அம்புட்டு பயம்க்கா. சின்ன வயசுல இருந்தே. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். பயந்து வந்தவர்கள் முன்னால் அவர் காலண்டரை விரித்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கொடி விமானத்தை ஆசைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரும் ஏணியில் ஏறத் துணை தேடியிருக்கிறார். பெயிண்ட் அவர் நெஞ்சைக் காப்பாற்றியிருக்காது என்று தெரியும். ஆனால் அது கொடி விமானமாக இருந்திருந்தால், அந்த மணிநேரங்களில் ஒருமுறையாவது அவர் கண்ணைத் திறந்து பார்த்திருப்பாரோ என்னவோ.

அன்வர் செல்போனில் அடக்கத்தலத்தின் படத்தைக் காட்டினார். வெயிலில் வெளுத்த மண். அதில் வரிசை வரிசையாகக் கையளவுக் கற்கள். எதிலும் பெயரில்லை, எல்லாம் ஒன்றுபோல இருந்தன. எது அம்மாவுடையது என்று கேட்டேன். அன்று தெரிந்தது, இப்போது தனக்கே அடையாளம் தெரியவில்லை என்றார். படத்தைப் பெரிதாக்கி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். எந்தக் கல் என்று தெரியாததால் எல்லாக் கற்களையும் பார்த்துச் சொன்னேன்: மன்னிச்சிருங்க அக்கா.