தொண்ணூறு வயதுத் தவணை

என் புருஷனுக்குத் தொண்ணூறு வயது நிறையும்வரை நான் காத்திருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளிவாசல் ஆலிம் தீர்ப்புச் சொன்னபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அவருக்கு முப்பது. அதாவது நான் எண்பத்துமூன்று வயதுக் கிழவியான பிறகு, அவர் செத்திருப்பார் என்று சட்டம் ஒப்புக்கொள்ளும். அதன்பின் நான் விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து, ஆசையிருந்தால் மறுமணம் செய்துகொள்ளலாம். பள்ளிவாசலில் கேட்டுவந்ததை என் தகப்பனார், அத்தா, பெருநாளைக்கு வந்திருந்த என்னிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவும் இல்லை.

பதினாறு வயதில் என்னைத் தென்காசியிலேயே இரண்டு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்தவர். கல்யாணம் முடிந்து எட்டு மாதம் இருந்தார், கப்பல் ஏறினார். முதல் வருஷம் கடிதம் வந்தது. ரப்பர் விலை விழுந்து மலாயாவில் கடைகள் மூடத் தொடங்கியதும் கடிதம் நின்றது. பிறகு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஈப்போவில் பார்த்தேன் என்றார் ஒருவர். காய்ச்சலில் போய்விட்டதாகக் கேள்வி என்றார் இன்னொருவர். மலாய்க்காரி ஒருத்தியோடு இருக்கிறார் என்று மூன்றாமவர் சொல்லிவிட்டு, நான் கதவுக்குப் பின்னால் நிற்பதைக் கண்டு பேச்சை மாற்றினார்.

மாமி என்னை அத்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டாள். பெருநாளைக்கும் தர்கா விழாவான கந்தூரிக்கும் ஒருதரம், அதுவும் அஸ்தமிக்குமுன் திரும்பிவிட வேண்டும். நான் அந்த வீட்டில் இருக்கும்வரை மகன் என்றாவது வருவான் என்று அவள் நம்பினாள். நான் போய்விட்டால் அவன் செத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். இது எனக்குப் புரியாமலில்லை. புரிந்தும் அவளை வெறுத்தேன். வீட்டு நிர்வாகம் முழுக்க அவரது அண்ணன், பெரிய மச்சான் கையில் இருந்தது.

ஆலங்குளத்தில் நவதானியக் கடை வைத்திருந்த ஒருவர், மனைவி இறந்து, சின்னப் பெண்பிள்ளை ஒன்றோடு இருந்தார். அவர் என்னைக் கேட்டு ஆள் விட்டார். அதற்காகத்தான் அத்தா ஆலிமிடம் போனது.

அந்த ஆலிமை எல்லோரும் ஹஜ்ரத் என்போம். கடுஞ்சொல் அறியாதவர். வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டில் திக்ர் நடக்கும். ஆண்கள் முன்னறையில், பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். இறைவன் பெயரை அவர் மெதுவாகத் தொடங்கி, நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லச் சொல்ல, என் மார்புக்குள் அடைத்துக்கிடந்தது கொஞ்சம் கரையும். வாரந்தோறும் மாமி என்னை விட்ட ஒரே இடம் அதுதான். அப்படிப்பட்டவர்தான் இந்தத் தீர்ப்பையும் சொன்னார். காணாமற்போனவன் உயிரோடு இருந்தான் என்பது உறுதி, செத்தான் என்பது வெறும் சந்தேகம், உறுதியைச் சந்தேகத்தால் நீக்க முடியாது என்பது அவர் வாதம். நாங்கள் ஹனபிகள்; எங்கள் மத்ஹபின், அதாவது எங்கள் இமாமுடைய சட்ட வழியின், கிதாபுகளில் அவனோடு பிறந்தவர்கள் எல்லாம் சாகும் வயதுவரை, அதாவது தொண்ணூறுவரை என்றுதான் இருக்கிறதாம். ஒரு பெண்ணுக்காக இமாமை மாற்ற முடியாது என்று அத்தாவிடம் அன்பாகவே சொல்லி அனுப்பினார்.

அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் எனக்கு வாசிக்க வரும். அம்மாவிடம் இருந்த சட்ட நூல் ஒன்றில், நான்கு இமாம்களும் சத்தியத்தில் இருப்பவர்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. உள்ளே போனால், அந்த நால்வரில் ஒருவரான மதீனாவின் இமாம் வழியில் நான்கு வருஷத் தவணை போதும் என்றும் ஒரு வரி. அடுத்த வியாழக்கிழமை திக்ர் முடிந்ததும், திரைக்கு இப்பாலிருந்து ஹஜ்ரத்தை நானே கேட்டேன்.

"நாலு இமாமும் ஹக்குன்னு நீங்கதான் சொல்லுதிய. அப்பம் அந்த நாலு வருசம் எனக்கு மட்டும் ஏன் ஆகாது, ஹஜ்ரத்?"

பெண்கள் பக்கத்தில் யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். ஹஜ்ரத், பொறுமையாக இருப்பவர்களோடு இறைவன் இருக்கிறான் என்றார். அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது. அன்றோடு நான் அங்கே போவதை விட்டேன்.

அந்த வருஷம் சாரல் சீசனுக்கு இன்னொரு ஆலிம் வந்தார். கடற்கரை ஊர்க்காரர், வடக்கே பல வருஷம் ஓதியவர். உடம்புச் சூட்டுக்கு அருவித் தண்ணீர் நல்லது என்று மேலகரத்தில் வீடு எடுத்துத் தங்கினார். இரண்டாவது வெள்ளிக்கிழமையே எங்கள் பள்ளிவாசலில் எழுந்து, கந்தூரி கூடாது, கொடியேற்றம் கூடாது, பெண்கள் தர்காவுக்குப் போவது கூடாது, குற்றாலத்தில் குளிப்பது கூடவே கூடாது என்றார். அவரோ தினம் காலையில் ஐந்தருவியில் தலை நனைத்துக்கொண்டுதான் இருந்தார். ஊர் இரண்டாகப் பிளந்தது. ஹஜ்ரத்தின் ஆட்கள் மேலகரத்துக்குப் பால் ஊற்றுகிறவனைத் தடுத்தார்கள். புதியவரின் ஆட்கள் ஹஜ்ரத்தின் பின்னால் தொழ மறுத்து, பள்ளிக்குள்ளேயே தனியாகக் கூட்டுத் தொழுகை நடத்தினார்கள். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை.

அத்தா கந்தூரிக்கு முதல் ஆளாக நிற்பவர். புதியவரை அவருக்கு அடியோடு பிடிக்காது. ஆனாலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மாமியிடம் பொய் சொல்லி என்னை அழைத்துக்கொண்டு, கூண்டு வண்டியில் மேலகரம் போனார். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். அந்த ஆலிம் வாசலில் நின்று, என் பக்கம் திரும்பாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தே பேசினார். தேவை நெருக்கும்போது மற்ற இமாமின் சொல்லை எடுக்கலாம், வடக்கே பெரிய ஆலிம்களே எடுத்துவிட்டார்கள், மார்க்க நீதிபதியான காஜி இல்லாத ஊரில் மார்க்கம் தெரிந்த நாலுபேர் பஞ்சாயத்தாக உட்கார்ந்து முடிவு சொன்னால் அது செல்லும் என்றார். பிறகு, போன கந்தூரிக்கு என்னைத் தர்காவுக்குக் கூட்டிப் போனது பாவம் என்று அத்தாவைக் கடிந்துகொண்டார். திரும்பும் வழியெல்லாம் அத்தா அவரைத் திட்டினார். எனக்கோ, பிடித்த மனிதர் என்னைக் கட்டிப்போடுகிறார், பிடிக்காத மனிதர் அவிழ்க்கிறேன் என்கிறார் என்பதில் தலை சுற்றியது.

பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர்கள் மசியவில்லை. புதிய ஆலிம் சொன்னார் என்பதற்காகவே ஹஜ்ரத்தின் ஆட்கள் முன்னைவிட முறுக்கிக்கொண்டார்கள். என் நிக்காஹ் அவர்கள் சண்டைக்கு ஒரு கம்பாகிவிட்டது.

அந்தச் சமயம், பஞ்சாப் பக்கம் புருஷனிடமிருந்து விடுபட வழியில்லாத பெண்கள் மதம் மாறிவிடுகிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததை எதிர்வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். மதம் மாறினால் நிக்காஹ் அந்த நொடியே முறியும் என்று ஆலிம்களுடைய கிதாபுகளே சொல்கின்றனவாம். எங்கள் தெருவுக்குக் கண்மருந்து போட ஒரு மிஷன் அம்மா வந்துகொண்டிருந்தாள். பெருநாளைக்குப் போயிருந்தபோது அத்தாவிடம் சொன்னேன்.

"அத்தா, அந்த மிஷன் அம்மாகூட ஒருநா மாதா கோயில் வாசல்ல போயி நின்னா எல்லாம் முடிஞ்சிருமாம். உங்க ஜமாஅத்துல அதத்தான் செய்யச் சொல்லுதாகளா?"

அத்தா என்னை அறைந்தார். அதற்குமுன் அவர் என்மேல் கை வைத்ததில்லை. நான் நிஜமாகவே போயிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். என் தொழுகையை யாருக்காகவும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் சொன்னதில் வருத்தமில்லை. அறைந்த அத்தாவே மறுநாள் பள்ளிவாசலில் போய், என் மகள் இப்படிச் சொல்லுகிறாள், பொறுப்பு உங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். என் கண்ணீருக்கு அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள். பஞ்சாயத்துக் கூடியது.

பள்ளியை ஒட்டிய மதரஸாவில் ஹஜ்ரத், புதிய ஆலிம், இரு பக்கத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர். திரைக்குப் பின்னால் நானும் அம்மாவும் மாமியும். பெரிய மச்சான் எழுந்து, தம்பி உயிரோடு இருக்கிறான், இந்தப் பெண்ணுக்குத்தான் அவசரம் என்றார். புதிய ஆலிம் அவரைப் பொருட்படுத்தாமல் கிதாபைப் பிரித்து முடிவு சொன்னார். இன்றிலிருந்து நான்கு வருஷம். ஏற்கெனவே நான் காத்திருந்த வருஷங்கள் கணக்கில் வராது. பிறகு அவர், பெண் பாவத்தில் விழுந்துவிடுவோம் என்று அஞ்சினால் ஒரு வருஷத் தவணை போதும், ஆனால் அதை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

பெரிய மச்சான்தான் பேசினார்.

"சொல்லட்டுமே. ஊரு கேக்கட்டும்."

அந்தக் குரல்தான் என்னை எழுப்பியது. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என் மனசப் பாத்து எனக்குப் பயமில்ல, ஹஜ்ரத். இப்பம் பேசினாகளே, அவுகளப் பாத்துத்தான் பயம். இனிமே அந்த வீட்டு அடுப்படிக்குள்ள என்னால நிக்க முடியாது."

இரண்டு வருஷமாக அவர் என்னை அடுப்படியில் வழிமறித்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்திருக்கிறார். நான் திமிறி ஓடி மாமியிடம் சொன்னபோது, கதவைச் சாத்திக்கொண்டு சமை என்றாள். அதையும் அங்கேயே சொன்னேன். மாமி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மறுக்கவில்லை. தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள்.

பெரிய மச்சான் குர்ஆனைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். கொண்டுவாருங்கள், நானும் தொடுகிறேன் என்றேன். ஹஜ்ரத் கையை உயர்த்தி நிறுத்தினார். முதல்முறையாக அவர் குரல் கடினமாக இருந்தது.

"யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். இந்தப் பிள்ள இன்னைக்கே அவ அத்தா வீட்டுக்குப் போகட்டும்."

ஒரு வருஷத் தவணைக்குப் புதிய ஆலிம் ஒப்பினார். ஹஜ்ரத் ஒப்பவில்லை. அந்த வீட்டிலிருந்து என்னை வெளியேற்றிய அதே மூச்சில், நிக்காஹ் அப்படியே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் மாமி எங்கள் வாசலுக்கு வந்து, தெருமண்ணை வாரி இறைத்துச் சபித்துவிட்டுப் போனாள். நானும் சும்மா இருக்கவில்லை. உள்ளேயிருந்து பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வருஷம் முடிந்து, இத்தாவும் முடிந்து, ஆலங்குளத்துக்காரரைக் கட்டினேன். பள்ளிவாசலில் இடம் தரவில்லை. மேலகரத்தில், சீசன் முடிந்தும் ஊர் திரும்பாத அந்த ஆலிமின் வீட்டில் நிக்காஹ் நடந்தது. என் சின்னம்மாகூடச் சாப்பிட வரவில்லை. ஆலங்குளத்தில் சிலர் பல வருஷம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வேறொருவன் பெண்டாட்டி தந்த தண்ணீராம். அவர் இதற்கெல்லாம் கோபப்படாத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன். மூத்தாள் மகள் என்னை அம்மா என்றாள். எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது, அங்கிருந்து தப்பி வந்தவர்கள் யாரும் பழைய மனிதரைப் பற்றிச் சொல்லவில்லை. செத்தேபோனார் என்று எல்லோரும், நானும், நம்பிவிட்டோம்.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் அவர் வந்தார்.

ஜப்பான்காரன் சயாமிலிருந்து ரங்கூனுக்குப் போட்ட ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போய்ப் பாதி உயிராக மீண்டவர் என்றார்கள். அதற்குமுன்னே பத்து வருஷம் என்ன செய்தார், ஏன் எழுதவில்லை என்பதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆண்பிள்ளையிடம் அதைக் கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. என்னைப் பற்றித்தான் கேள்வி எழுந்தது. மேலகரத்து ஆலிம் அதற்குள் காலமாகியிருந்தார். ஹஜ்ரத் நடக்க முடியாத முதியவர். படுக்கையிலிருந்தே, முதல் நிக்காஹ் முறியவில்லை, அவள் முதல் புருஷனுக்கே உரியவள் என்று சொன்னதாக இரண்டு பேர் ஆலங்குளத்துக்கு வந்து எங்கள் கடை வாசலில் நின்று சொன்னார்கள். என் கணவர் முகம் வெளுத்து உள்ளே வந்து என்னைப் பார்த்தார். இரண்டாவது பையனுக்கு அப்போது நான் சோறூட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வண்டி கட்டச் சொன்னேன். இருவரும் தென்காசி போனோம். மாமி வீட்டு முன்னறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து, பல் விழுந்து, எனக்குத் தெரியாத ஒருவர். பெரிய மச்சான் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் ஸலாம் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடி, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் வாயிலிருந்து எனக்கு ஒரே ஒரு சொல் வேண்டும் என்று சொன்னேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? ஆள் விட்டிருந்தாப் போதுமே" என்றார். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு இரண்டு பேரைக் கூப்பிட்டு, தலாக் சொன்னார். அவர் முன்னாலிருந்த தேநீரில் ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. சொல்லி முடித்ததும் அதை எடுத்துக் குடித்தார். அவரிடம் எனக்குப் பகை இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே பார்த்தபோது பகைக்குக்கூட ஆள் போதவில்லை. அந்த ஒரு சொல் அவர் வாயில் எவ்வளவு லேசாக இருந்தது என்பதில்தான் என் கோபமெல்லாம் போய் நின்றது.

யார் சொன்ன சட்டமானாலும் இனிக் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று, அந்த நாளிலிருந்து மறுபடி இத்தா இருந்தேன். என் கணவர் கடையிலேயே தங்கிக்கொண்டார். பிறகு ஆலங்குளத்தில் இரண்டாம் முறையாக எங்களுக்கு நிக்காஹ் நடந்தது. மூத்த பையன் பந்தியில் உட்கார்ந்து எங்கள் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

ஹஜ்ரத் அடுத்த வருஷம் காலமானார். நான் போகவில்லை. அவரிடம் பாடம் கேட்ட திக்ரை மட்டும் வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொல்கிறேன். அது அவருடையது என்று நான் நினைப்பதில்லை.