யார் என்று கேட்காத வீடு

எங்கள் கட்டடத்தின் முன்கதவுக்கு ஒரு பூட்டு இருந்தது. அது பூட்டிக் கிடந்ததை நான் அதிகம் கண்டதில்லை. ஸ்காபரோவில் அந்த நாட்களில் போரால் ஊரைவிட்டு வந்த எங்கள் சனம் நிறைந்திருந்த உயரமான கட்டடங்களில் அதுவும் ஒன்று. வாசலில் இலக்கம் அழுத்திக் கூப்பிடுகிற பெட்டி பழுதாகும், திருத்துவார்கள், திரும்பப் பழுதாகும். பிறகு யாராவது கதவிடுக்கில் பீட்சாக் கடை விளம்பரத்தை மடித்துச் செருகிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் வரலாம், யாரும் போகலாம்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் காலையில் கண்ணாடித் தூள் கிடக்கும். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பெண்கள் தனியாகப் போவதில்லை. லிஃப்டில் தெரியாத ஆள் நின்றால், எதையோ மறந்துவிட்டவள்போலத் திரும்பி அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன். அதைப் பயம் என்று மட்டும் சொல்ல முடியாது. தெரிந்த ஆள் நின்றாலும் சில வேளை அப்படித்தான் செய்வேன். சனத்தோடு நின்று கதைக்க எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டிவிச் செய்தியில் எங்கள் தெருவின் பெயர் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. ஆனாலும் எங்கள் மாடியில் நாங்கள் அவ்வளவு பயந்து வாழ்ந்தோம் என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் தமிழ்ச் சனம். ஒவ்வொரு வாசலிலும் சப்பாத்துகள் குவிந்திருக்கும். அவற்றைப் பார்த்தே எந்த வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். வெளியே தெரியாதவர்கள் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எங்கள் ஆட்கள். அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். சொந்தமில்லை, ஊரிலும் தெரியாது. என் கணவர் பின்னேர வேலைக்குப் போனதும் ஒரு கிண்ணத்தில் கறியோடு வந்து, "தங்கச்சி, திற" என்று தட்டுவார். நான் கதைக்காவிட்டால் அவருக்குக் குறையில்லை. எங்கள் இரண்டு பேருக்குமாக அவரே கதைப்பார். எந்தக் கதை தொடங்கினாலும் அது மகனில்தான் போய் நிற்கும்.

ஒரே மகன். கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். பொலிஸ் வந்து அறையிலிருந்த பெடியன்களை எல்லாம் ஏற்றிப் போகும். சில நாள் வைத்திருந்து விடும். திரும்பவும் வரும். "விடிய ஃபோன் அடிச்சால் நான் எடுக்கிறேல்லை, இவரைத்தான் எடுக்கச் சொல்லுறது" என்பார் அக்கா. அவனை எப்படியாவது இங்கே எடுப்பித்துவிட வேண்டும். நம்பிக்கையான ஒரு ஏஜென்சிக்காரர் விமானத்தில் நேரே கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கான காசுக்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி அக்காவின் தாலிக்கொடி.

"பாங்க் லொக்கருக்குள்ள கிடந்து அது ஆருக்குப் பிரயோசனம்? அவன் வந்து உழைச்சு எனக்குப் புதிசு செய்து போடட்டும்."

அக்காவின் கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். லொக்கரில் இருந்த கொடியை எடுத்துவந்து, ஒரு லேஞ்சித் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார். நகைக்கடைக்காரர் அடுத்த கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார். அந்தக் கிழமை வருவதற்குள் அக்காவின் கணவர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது.

உடல் மலர்ச்சாலையில் இருந்தாலும் சனம் வீட்டுக்குத்தான் வந்தது. தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போனது. வீட்டு முகவரி, ஃபோன் இலக்கம் எல்லாம் சொன்னார்கள். சோபாக்களைப் பல்கனிப் பக்கம் தள்ளிவிட்டு, நிலத்தில் வெள்ளைச் சீலை விரித்தோம். கதவை அகலத் திறந்து, சாத்தாமல் இருக்க ஒரு தண்ணீர்ப் போத்தலை முட்டுக் கொடுத்தோம்.

எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். செத்தவீட்டுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரை "வாங்கோ" என்று சொல்வதில்லை. போகிறவரும் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. வருவார்கள், இருப்பார்கள், எழும்பிப் போவார்கள். நீங்கள் யார் என்று கேட்பதைப் போல அவமரியாதை அந்த வீட்டில் வேறு இல்லை. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். கதைக்கத் தெரியாதவளும் கூச்சமில்லாமல் போய்வரக்கூடிய ஒரே இடம் அது.

அடுப்பு மூட்டக்கூடாத வீடு என்பதால் தேத்தண்ணியை என் வீட்டில் போட்டேன். தட்டை ஏந்திக்கொண்டு, சப்பாத்துக் குவியலைக் கடந்து, எதிர் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன், கோப்பையைக் கொடுத்தேன்.

யூனியன்வில்லில் இருந்து அக்காவின் தம்பி வந்திருந்தார். சொந்த வீடும் இரண்டு காரும் உள்ளவர். மெல்லக் கதைக்கத் தெரியாதவர். கூடம் நிறைந்த சனத்துக்கு நடுவில் நின்று அவர் கேட்டார்.

"அக்கா, கொடி எங்கை? பாங்கிலயோ?"

"இல்லை, அலுமாரிக்குள்ள."

"அப்ப சரி. கிரியையண்டு அதைத்தான் போட்டுக் கழட்ட வேணும்."

"மஞ்சள் கயிறு காணும். கொடி பிள்ளைக்கு வைச்சது. அதைப் பெட்டிக்குள்ள போடேலாது."

"ஆர் போடச் சொன்னது? போட்டுக் கழட்டிப்போட்டு எடுத்து வைப்பம். வெறும் கயிறோட நிண்டால் சனம் என்ன சொல்லும்?"

"சனமோ என்ரை பிள்ளையைக் கூப்பிடப் போகுது?"

ஒரு பெரியவர் இருமினார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. சுவரோரம் சாம்பல் நிறச் சுவெட்டரில் ஒருவர் இருந்தார். கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து, துக்கத்துக்கு வந்த மனிதர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தார். நான் தட்டை நீட்டினேன்.

"எனக்குக் காணும், தங்கச்சி. இப்பதான் குடிச்சனான்" என்றார். எங்கள் பேச்சேதான்.

அடுத்த முறை நான் தேத்தண்ணியோடு வந்தபோது அவர் வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். தட்டுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். ஒன்றும் சொல்லாமல் படிக்கட்டுப் பக்கமாக நடந்தார். முறை தெரிந்த மனிதர் என்று மனதுக்குள் நினைத்தேன்.

கிரியையன்று காலை அக்காவைக் குளிக்க வார்த்து, கூறைச்சேலை உடுத்திவிட்டு, அலுமாரியைத் திறந்தோம். லேஞ்சி மடித்தபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அக்கா அதை உதறிப் பார்த்தார். திருப்பிப் பிடித்து மறுபடியும் உதறினார். பிறகு கட்டிலில் இருந்துவிட்டார். அழவில்லை. "கயிறு கொண்டு வாங்கோ" என்றார்.

மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றைப் போட்டு, பெட்டியடியில் கழற்றினார்கள். தம்பியார் பயந்ததுபோலச் சனம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கவனித்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

பொலிஸ் அடுத்த நாள் வந்தது. ஒரு ஆண், ஒரு பெண். இருவரும் சப்பாத்தோடு வந்து வெள்ளைச் சீலையின் கரையில் நின்றார்கள். தம்பியார் மொழிபெயர்த்தார்.

"அந்தச் சாம்பல் சுவெட்டர் ஆளைக் கூப்பிட்டது ஆர் எண்டு கேக்கினம்."

"செத்தவீட்டுக்கு ஆரையடா கூப்பிடுறது?" என்றார் அக்கா.

"கதவு திறந்துவிட்டது ஆராம்?"

"பூட்டியிருந்தால் எல்லே திறக்கிறதுக்கு."

அவர் இங்கிலிஷில் அதைச் சுருக்கிச் சொன்னார். பெண் பொலிஸ் எழுதுவதை நிறுத்தி அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த ஆள் யார் என்று வந்திருந்தவர்களிடம் கேட்டார்கள்.

"நான் அத்தானோட வேலை செய்யிற ஆளாக்கும் எண்டு இருந்தன்" என்றார் தம்பியார்.

உணவகத்திலிருந்து வந்தவர், "நாங்கள் உங்கட ஊர்ச் சொந்தம் எண்டெல்லோ நினைச்சம்" என்றார்.

என்னிடம் முகம் எப்படி என்று கேட்டார்கள். சுவெட்டரின் நிறத்தைச் சொன்னேன். கையில் மோதிரம் இல்லை என்றேன். குரல் எங்கள் ஆட்களின் குரல் என்றேன். அதை எழுதுவதா வேண்டாமா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

போகும்போது, இந்தக் கட்டடத்தில் கதவை எப்போதும் உள்ளே பூட்டிச் சங்கிலி போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நான் அண்டைக்கே சொன்னனான், உந்த பில்டிங்கை விட்டு வெளிக்கிடுங்கோ எண்டு" என்றார் தம்பியார். "எங்கட பக்கம் கதவு திறந்து கிடந்தாலும் ஒருத்தன் எட்டிப் பாக்கான்."

"ஓம். அங்கை ஆள் செத்துக் கிடந்தாலும் எட்டிப் பாக்கான்" என்றார் அக்கா.

அந்தக் கிழமை அவர் வாயிலிருந்து வந்த ஒரே பகிடி அது. யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் மாடி மாறிப்போனது. ஒவ்வொரு கதவிலும் சங்கிலி ஏறியது. சப்பாத்துகள் உள்ளே போயின. நடைபாதை ஆஸ்பத்திரியினுடையதைப் போல வெறுமையாக நீண்டு கிடந்தது. கறிக் கிண்ணத்தோடு தட்டினால், கதவுக் கண்ணில் ஒரு நிழல் விழுந்து, சங்கிலி அளவுக்குக் கதவு திறந்து, "ஆர்?" என்று ஒரு குரல் வரும். வெளியே இருந்த தெரியாதவர்களுக்கு நாங்கள் பயந்த பயம் ஒரு மாதிரி. எங்கள் பேச்சுப் பேசுகிற ஒருவனுக்குப் பயப்படுகிற பயம் வேறு மாதிரி. அதற்குப் பூட்டு இல்லை. யார் வீட்டில் புதிதாக டிவி வாங்கினாலும் மற்றவர்கள் கண்ணால் ஒரு கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் பிறகு நடந்த செத்தவீடுகளில் வாசலில் ஒருவர் கதிரை போட்டு இருந்து, வருகிறவர்களை விசாரித்தே உள்ளே விட்டார். அந்த வீடுகளுக்கு நான் போகவில்லை. வாசலில் நின்று என்னை யார் என்று சொல்ல எனக்கு வராது.

கொடி கிடைக்கவில்லை. நம்பிக்கையான ஏஜென்சிக்காரர் வேறு பெடியனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தம்பியார் தன்னால் இயன்றதைக் கொடுத்தார், நானும் என் கணவரும் கொஞ்சம் கொடுத்தோம். அது இன்னொரு ஏஜென்சிக்காரருக்குத்தான் போதுமாக இருந்தது. அவர் விமானத்தில் ரஷ்யா வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து தரைவழியாக அனுப்புகிறவர். மகன் மொஸ்கோவிலிருந்து ஃபோன் எடுத்தான். ஒரு அறைக்குள் நிறையப் பேர் இருப்பதாகவும், சாப்பாடு பரவாயில்லை என்றும், குளிர்தான் பிடிக்கவில்லை என்றும் சொன்னான். "இஞ்சை இதைவிடக் குளிரடா, பழகிக்கொள்" என்று அக்கா சிரித்தார். வந்தால் போடுவதற்கென்று தடித்த ஜக்கெற் ஒன்று வாங்கி, என்னையும் கூட்டிவந்து காட்டினார்.

அதற்குப் பிறகு ஃபோன் வரவில்லை. பனி கரையத் தொடங்கிய நேரம், ஜேர்மனி போய்ச் சேர்ந்த ஒரு பெடியன் எங்கேயோ இலக்கம் தேடி எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். உக்ரைன் எல்லைப் பக்கம் காட்டுக்குள் நடந்தபோது அக்காவின் மகனுக்குக் கால் விறைத்துவிட்டதாம். கொஞ்ச நேரம் தூக்கி நடந்தார்களாம். பிறகு கூட்டிப்போனவன் தூக்க விடவில்லையாம், அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்களாம்.

இரண்டாவது முறையும் அந்த வீட்டில் வெள்ளைச் சீலை விரித்தோம். இந்த முறை மலர்ச்சாலை இல்லை. உடல் இல்லை. ஒரு படமும் விளக்கும்தான். ஜக்கெற் கதவுக்குப் பின்னால், விலைத்துண்டு கழற்றாமல், கொழுவியிருந்தது. நான் பழையபடி என் அடுப்பில் கேத்திலை வைத்தேன்.

தட்டோடு வந்தபோது வாசலில் தம்பியார் கதிரை போட்டு இருந்தார். கதவு பாதிதான் திறந்திருந்தது. வெளியே வயதான ஒருவர் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் ஆர்?"

"நான்... இஞ்சை கீழ் மாடிதான், தம்பி."

"பிள்ளைக்கு என்ன முறை?"

அந்த மனிதர் தொப்பியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். என்னைக் கேட்டதுபோல இருந்தது.

உள்ளே அக்கா எழும்பி வந்தார்.

"எழும்பு" என்றார் தம்பியைப் பார்த்து.

"அக்கா, நீ போய் இரு. போன முறை மாதிரி..."

"எழும்படா."

அவர் எழும்பினார். அக்கா கதிரையைத் தானே தூக்கிச் சுவரோடு வைத்தார். கதவை முழுதாகத் திறந்தார். முட்டுக் கொடுக்க ஏதாவது கிடக்கிறதா என்று நிலத்தைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"என்ரை பிள்ளையை எத்தனை வாசல்ல நிப்பாட்டி 'நீ ஆர், எங்கை போறாய்' எண்டு கேட்டிருப்பாங்கள். என்ரை வாசல்ல ஒருத்தரையும் கேக்க வேண்டாம்."

தம்பியார் தன் சப்பாத்தொன்றை எடுத்துக் கதவடியில் வைத்தார். அந்த வயதானவர் உள்ளே வந்தார். வெளியே இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களும் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் பழையபடி ஒரு குவியல் சேர்ந்துவிட்டது.

தேத்தண்ணித் தட்டைத் தாழ்த்தி ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். படத்துக்கு எதிரே, சுவரோரம், நான் முன்பு கண்டிராத ஒருவர் இருந்தார். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். மழை ஈரம் காயாத, சவரம் செய்யாத முகம். அவர் கோப்பையை எடுத்தார். யார் என்று நான் கேட்கவில்லை.