நேரில் போய் அழைக்காத தம்பி

என் அக்கா வசந்தாமணியைக் கட்டிய செங்கோட்டையன் மச்சானுக்கு வீம்பு உடம்போடு பிறந்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. சங்ககிரிக்குத் தெற்கே அந்த மேட்டுக்காட்டில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, பருத்தியும் கம்புமாக விளைவித்தவர். ஆனால் ஒரு சொல் பொறுக்க மாட்டார். அதனால்தான் கூடப் பிறந்த அக்காவை இழந்தார், அதுவும் தன் கல்யாணத்திலேயே.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும். எனக்குப் பெண்டாட்டி வந்தாலும் இவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. அதற்கு அவளை அழைக்க, தம்பியே வெற்றிலைபாக்குத் தட்டோடு அவள் வீட்டுக்குப் போக வேண்டும். மச்சான் போகவில்லை. மாட்டுச் சந்தையில் அக்கா புருஷன் நாலு பேர் முன்னால் அவர் காளையைப் பார்த்து, "இது ஏர் உழுகற மாடா, கூளம் திங்கற மாடா?" என்று கேலி செய்துவிட்டாராம். உலகத்தில் இல்லாத அவமானம் பாருங்கள்.

"நான் எதுக்குப் போகோணும்? ஆளு உட்டுச் சொன்னா வரட்டும்" என்று வண்டிக்காரனிடம் சேதி அனுப்பினார். அவர் அக்கா கண்ணாத்தாள் வரவில்லை. பங்காளி மகள் சாரதாமணியை நிற்க வைத்து இணைச்சீரை முடித்தார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. பிற்பாடு அந்த அக்கா புருஷன் செத்தார். அதற்கும் மச்சான் போகவில்லை.

"ஒருக்காப் போய்ட்டுத்தான் வாங்களேன். உங்க கிரீடமா எறங்கிப் போகும்?" என்று வசந்தாமணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

உலகச் சண்டை நடந்த சமயம் சங்ககிரியில் டெண்டுக் கொட்டகை போட்டிருந்தார்கள். நான்தான் மச்சானை இழுத்துக்கொண்டு போனேன். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு பொம்மைப்படம் காட்டினார்கள். வெள்ளைக்காரன் வரைந்த பொம்மைகள் ஓடி ஆடுகிற சங்கதி. ஓர் அணில் குடும்பம். தம்பி அணில் ஒரு கொட்டைக்காகச் சண்டை போட்டு, அக்கா அணிலைப் பொந்தை விட்டுத் துரத்துகிறது. அது கீழே மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. தம்பிக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி ஓடி, அக்காவின் வாலைப் பிடித்து இழுத்து வருகிறது.

மணலில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் கைதட்டிச் சிரித்தன. மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கேட்டால் பீடிப்புகை என்றார். எனக்கா தெரியாது? பெண்டாட்டி இத்தனை வருஷம் தொண்டை வறளச் சொன்னது ஏறவில்லை. அணில் சொன்னது ஏறிவிட்டது. இந்த மனுஷனை என்னவென்று சொல்ல?

"பையன் பாலசுந்தரத்துக்குக் கல்யாணம் வருது மாப்ள. நாளைக்கே போயி அக்காளக் கூப்புடறேன். நீயும் வா" என்றார்.

எடப்பாடிக்கு அப்பால் அவள் ஊர். வண்டி கட்டிக்கொண்டு போனோம். கண்ணாத்தாள் களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வா தம்பி" என்று கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். கோழியடித்துக் குழம்பு வைத்து எங்களுக்குச் சோறு போட்டாள்.

சாப்பிட்டு எழுந்ததும் மச்சான் வெற்றிலைத் தட்டை நீட்டினார். "தப்புப் பண்ணிப்போட்டேன் அக்கா. பையன் கல்யாணத்துக்கு நீ வந்து முன்ன நிக்கோணும்."

"கோவமெல்லாம் இல்லடா" என்றாள் அவள். "மொதல்ல இருந்துச்சு. எம் மூத்த பொண்ணு சமைஞ்சப்ப, பச்சை ஓலையில குச்சுக் குடிசை கட்டத் தாய்மாமன் வேணுமே. வண்டிச் சத்தம் கேக்கறப்பெல்லாம் வாசலுக்கு வந்து பாத்தேன். அப்பறம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரக் கும்பிட்டுக் கூட்டியாந்தேன். சின்னவளுக்கு நான் வாசலுக்கே வரல. நேரா அவரப் போயிக் கூப்புட்டுக்கிட்டேன். பொறந்த ஊடு இல்லைன்னு பழகிப்போச்சு சாமி. இப்ப வந்து இருக்குதுங்கற. இனி அதுக்கு வேற நான் பழகோணுமா?"

இத்தனை வருஷமும் தன் அவமானத்தையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த மச்சான், தாய்மாமன் இல்லாமல் அக்கா மகள்கள் சபையில் உட்கார்ந்ததை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் தட்டை மறுக்கவில்லை. கை நீட்டி வாங்கி, உள்ளே சாமி படத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். கல்யாணத் தேதியை மச்சான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவளாகக் கேட்பாள் என்று நின்றுகொண்டிருந்தார். நான் மாட்டைப் பூட்டினேன். அவள் கொஞ்சம் கடலையை மூட்டை கட்டி வண்டியில் வைத்தாள். உங்கள் பக்கம் மழை உண்டா, கம்பு எப்படி வந்திருக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். தேதியை மட்டும் கேட்கவில்லை.