பந்தலுக்குப் போன ஓலை

கற்பித்தல் என்னும் தொழிலில் கற்பிப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சியதெல்லாம் கூரைக்கும் வேலிக்கும் கிணற்றுக் கயிற்றுக்குமாக ஊர்ப் பெரியவர்களின் வாசலில் நிற்பதிலேயே கழியும். என்னைப் போல வெண்கட்டித் தூளை விழுங்கி ஓய்வுபெற்ற தோழியர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றையோர் நம்பினால் நம்பட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஊர்காவற்றுறையிலே ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் பெண்களின் மேல்வகுப்புக்குப் பொறுப்பாயிருந்தேன். வகுப்பு என்பது ஒரு கொட்டில். அதன் கூரை இற்றுப்போயிருந்தது. மாரி தொடங்குமுன் வேயாவிட்டால் வளர்ந்த பெண்களை வீட்டில் நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் அறிவித்திருந்தனர். பையன்களின் மண்டபத்தில் அவர்களை இருத்துவது அந்நாளில் எண்ணவும் கூடாத காரியம். என் மூத்த மாணவி பூரணம் அவ்வாண்டு எட்டாம் வகுப்புச் சோதனை எழுதவிருந்தாள். தேறினால் ஆசிரிய கலாசாலை; இடையில் நின்றால் அடுப்படி. ஆகவே வீடு வீடாக ஏறி இறங்கிப் பனையோலை சேர்த்து, மிதித்து அடுக்கி, வேய்ச்சலுக்கு நாளும் பார்த்தாயிற்று. அந்த வாரத்திலேதான் ஓர் உல்லாசப் பாய்க்கப்பல் துறைக்கு வந்தது.

சரக்கில்லாத கப்பல்

சிறிய கப்பல், வெள்ளை நிறம், கடற்கோட்டைக்கு இப்பால் நங்கூரம் போட்டு நின்றது. சுங்கக் கந்தோர்க் கிளாக்கர் வள்ளத்தில் போய் விசாரித்து வந்தார். ஒரு துரை, ஒரு துரைசாணி, ஒரு சமையற்காரன். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில் தண்ணீர் எடுக்கவும் ஊர் பார்க்கவும் வந்திருக்கிறார்களாம். சரக்கு என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்களாம்.

இந்த விடை துறையைக் கலக்கிவிட்டது. அரிசி, ஓடு, புகையிலை, பனைமரம் என்று ஏதோ ஒன்றை ஏற்றாமல் பாய் விரித்தறியாத ஊர் அது. கள்ளக் கடத்தல் என்றார் ஒருவர். உளவு பார்க்க வந்த கூட்டம் என்றார் இன்னொருவர். பூரணத்தின் தகப்பனார் பெரிய தோணியொன்றை நடத்தும் தண்டையல். சென்னைத் துறையும் கொச்சித் துறையும் கண்டவர். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஏத்தவும் ஒண்டுமில்லை, இறக்கவும் ஒண்டுமில்லை. வீட்டில சும்மா இருக்க ஏலாத மனிசர் போல கிடக்கு."

விதானையாரின் முடிவு

ஊர்த் தலைவராகிய எங்கள் விதானையார் மட்டும் வேறு விதமாகச் சிந்தித்தார். வந்திருப்பவர் அரசாங்கத்தின் பெரிய ஆளென்றும், தாம் யாரென்று காட்டாமல் துறையைப் பார்வையிடவே வந்திருக்கிறாரென்றும் அவருக்குத் தோன்றியது. அவ்வாறான ஒருவர் கரையில் இறங்கும்போது தலைக்கு மேலே வெறும் வானம் இருப்பது ஊருக்கு இழுக்கு. எனவே இறங்குதுறையில் பந்தல் போட வேண்டும். பந்தலுக்கு ஓலை வேண்டும். மிதித்து அடுக்கிய ஓலை ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தது.

நான் பாடசாலைக்குப் போனபோது வண்டி ஓலையோடு வாசற் படலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்னே போய் நின்றேன். விதானையார் குடையை மடக்கி மிக மரியாதையாகவே பேசினார். ஓலையைத் தின்னப் போவதில்லை, துரை போனதும் திருப்பித் தந்துவிடுவோம் என்றார். அதற்குள் மழை வந்தால் என் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டேன். வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ரீச்சர், மழை வருமோ வராதோ தெரியாது. துரை வந்திட்டார்."

மாலை விழுந்த கழுத்து

பந்தல் எழுந்தது. மேலே வெள்ளைத் துணி கட்டி, வாழை நட்டு, ஊரிலுள்ள நல்ல கதிரைகளையெல்லாம் வரிசையாக வைத்தார்கள். மறுநாட் காலை வள்ளத்திலிருந்து இருவர் இறங்கினர். முன்னே வந்தவர் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் பளபளக்கும் சப்பாத்தும் அணிந்து, கையில் பிரம்பும் வைத்திருந்தார். மாநிறமானாலும் நடையில் அதிகாரம் இருந்தது. பின்னே வந்தவர் அரைக் காற்சட்டையும் கிழிந்த பெனியனுமாக, வெயிலில் வெந்து சிவந்து, வெறுங்காலுடன் தண்ணீர்ப் பீப்பா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

விதானையார் தயங்கவேயில்லை. மாலை சப்பாத்துக்காரரின் கழுத்தில் விழுந்தது. அவரும் மறுக்காமல் நடுக் கதிரையில் அமர்ந்து, இளநீர் அருந்தி, துறையை ஆழப்படுத்த வேண்டும் என்ற விண்ணப்பத்தைத் தலையசைத்துக் கேட்டார். அதுவரையில் வெறுங்காலர் பந்தற் காலில் சாய்ந்து நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். நடுவே அவரிடம் பீப்பாவை வழியை விட்டு அகற்றுமாறு விதானையார் சைகை காட்ட, அவர் அப்படியே செய்தார்.

கிளாக்கர் ஓடி வந்து, மாலை சூடியவர் கப்பலின் கோவாக்காரச் சமையற்காரர் என்றும், பீப்பா உருட்டியவரே துரை என்றும் காதில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. விதானையாரின் முகம் சுண்டியது ஒரு கணந்தான். பிறகு எல்லாரும் கேட்கும்படியாகவே சொன்னார்: "காலில சப்பாத்தில்லாமல் துரையாய் இருக்கிறது அவரின்ர பிழை. என்ர பிழையில்லை."

துரைசாணிக்கு வந்த கூழ்

ஆண்கள் இவ்வாறு கௌரவத்தில் ஈடுபட்டிருக்க, பெண்கள் துரைசாணியைப் பற்றி வேறொரு முடிவுக்கு வந்திருந்தனர். அந்த அம்மாள் தாமே உடுப்புத் தோய்த்துப் பாய்க்கயிற்றில் உலர்த்தினார். தாமே மீன் செதில் உரித்தார். கையெல்லாம் கயிறு இழுத்துக் காய்த்திருந்தது. ஊரார் அறிந்த வெள்ளைக்காரப் பெண்கள் தம் குடையைக்கூடத் தாம் பிடிப்பதில்லை. ஆதலால் இவள் நொடித்துப்போன குடும்பத்தவள் என்று தீர்மானித்து, ஒருத்தி ஒடியற்கூழும், இன்னொருத்தி முட்டையும், மூன்றாமவள் தன் பழைய சேலையொன்றும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவரும் மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். அது சந்தேகத்தை உறுதியாக்கிற்று.

கூழ் கொண்டுபோனவள் பூரணத்தின் தாய். திரும்பி வந்து கண்ணைத் துடைத்தபடி என்னிடம் சொன்னாள்: "பாவம், ரீச்சர். சீதனம் குடுக்க வழியில்லாத தாய்தேப்பன் போல. அதுதான் வீடுவாசல் இல்லாதவனோட கடலில அனுப்பிவிட்டிருக்கினம்."

மழை

விதானையாருக்குத் தெரியாதது வந்துவிட்டது. ஒரு காலைப்பொழுதில் இருண்டு, கொட்டிலுக்குள்ளும் வெளியிலும் ஒரே அளவாகப் பெய்தது. பிள்ளைகள் புத்தகங்களைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றனர். தண்டையல் குடையோடு வந்து பூரணத்தை அழைத்தார். கோபமில்லை, குமர்ப்பிள்ளையை நனைந்த உடுப்போடு நாலுபேர் பார்க்க இருத்த ஏலாது என்றார். கூரை வேய்ந்தபிறகு அனுப்புவீர்களோ என்று கேட்டேன். சோதனை மாரிக்குள்ளேயே வருகிறதாமே, இனி எதற்கு, தாய்க்கு ஒத்தாசையாயிருக்கட்டும் என்றார். பூரணம் நனைந்த கொப்பியை என் மேசைமேல் வைத்துவிட்டுத் தகப்பனுக்குப் பின்னால் நடந்தாள்.

அடுத்த நாளும் மழை விடவில்லை. இறங்குதுறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் ஓலையின் கீழே ஒரு துளி ஒழுக்கில்லை. வெறுங் கதிரைகள் வரிசையாயிருந்தன. இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

துறையில் ஒரு வகுப்பு

ஆடுகளைத் துரத்திவிட்டு என் மாணவியரைக் கொண்டுபோய் அந்தக் கதிரைகளில் இருத்தினேன். போகிற வழியில் தண்டையல் வீட்டுப் படலையில் நின்று, வகுப்பு இன்று கூரையின் கீழே நடைபெறும் என்று அறிவித்தேன். எந்தக் கூரை என்று தாய் கேட்கவில்லை, பூரணத்தை அனுப்பிவிட்டாள்.

வளர்ந்த பெண்கள் துறைமுகத்தில், தோணிக்காரரும் சுமைகாரரும் போய்வருகிற இடத்தில், வாய்விட்டுப் பாடம் படிப்பதை அவ்வூர் அதற்குமுன் கண்டதில்லை. விதானையார் குடையும் கையுமாக ஓடி வந்தார். ஆனால் அவர் வருமுன் துரைசாணி வந்து, கடைசிக் கதிரையில் அமர்ந்து, கைகட்டிக் கேட்கத் தொடங்கியிருந்தார். துரைக்காகப் போட்ட பந்தலிலிருந்து துரைசாணி இருக்கும்போது எங்களை எழுப்ப அவருக்கு வழி தெரியவில்லை. குடையை விரிக்கவும் மறந்து வெளியே நனைந்துகொண்டு நின்றார். பாடம் முடிந்ததும் ஒரு சிறுமி என் காதில் சொன்னாள்: "ரீச்சர், அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. எண்டாலும் விதானையாரைவிட அமைதியாய் இருந்தவ."

தண்டையலின் வழக்கு

பிற்பகலில் தண்டையல் பந்தலுக்கு வந்தார். மகளைத் துறையில் கண்ட தோணிக்காரர் ஏதோ கேலி சொல்லியிருக்கிறார்கள். இப்போது உண்மையாகவே கோபம். என்னிடம் வந்தவர், துறைக்குக் கொண்டுபோயிருந்த கரும்பலகையிலிருந்து நான் திரும்பாதபடியால், விதானையாரிடம் போனார். குமர்ப்பிள்ளைகளின் ஓலையைப் பிடுங்கி ஆட்டுக்கு நிழல் போட்டது யார் என்று அவர் கேட்டது சுங்கக் கந்தோர்வரை கேட்டது. கூட்டம் கூடிற்று. ஒவ்வொரு தகப்பனுக்கும் தன் வீட்டு ஓலை எதுவென்று திடீரென நினைவு வந்தது. நாளையும் வகுப்பு இங்கேதானோ என்று ஒருவர் கேட்டார். நாளையும், சோதனை வரையிலும் என்றேன்.

விதானையார் பந்தலை ஒருமுறை பார்த்தார்; தண்டையலை ஒருமுறை பார்த்தார்; பிறகு குரலைத் தாழ்த்தினார்: "ரீச்சர், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நடவுங்கோ. ஓலை பின்னால வருகுது."

வந்தது. தண்டையலே கூரையேறிப் பாய்க்கயிற்று முடிச்சுப் போட்டு ஓலை கட்டினார். அந்த மாரி முழுவதும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கப்பல் காற்றுப் பார்த்துப் போய்விட்டது. பூரணம் சோதனை எழுதித் தேறினாள். துரையிடம் பேசித் தாமே கூரை போடுவித்ததாக விதானையார் நெடுங்காலம் சொல்லி வந்தார், நான் மறுக்கவில்லை.

ஆதலால், தோழியரே, கூரை வேண்டுமாயின் விண்ணப்பம் எழுதிக் காகிதத்தை வீணாக்காமல், ஊர்ப் பெரியவர்களின் மானம் எந்த இடத்தில் நனைகிறதோ அந்த இடத்திற்கு வகுப்பை மாற்றிவிடுங்கள்.